என் அண்ணா செய்த வண்டி

சுண்டல் தாளிக்கிற வாசனை எங்கிருந்தாவது வந்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிரட்டும். சுண்டல் பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு நவராத்திரியின்போது எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், நான் செய்யாத சுண்டலுக்காக என்னைப் புகழ்ந்தார்கள். நான் செய்த ஒன்றுக்காக என் அண்ணாவைப் புகழ்ந்தார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு பட்டுப் புடவையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். குமட்டல் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

நான் செய்தது ஒரு வண்டி. முழுக்கச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பழசாக வாங்கி, அக்கக்காகப் பிரித்து, எனக்கு வேண்டியபடி மாற்றினேன். அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவிகள் கருக்கி வைக்கும் மீட்டர்களைத் திறந்து சரிசெய்வதுதான் அந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. மற்ற நேரமெல்லாம் ரெக்கார்டில் சிவப்பு மையால் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

கூட வேலை பார்த்தவள் ஒருத்திதான் சொன்னாள். அடையாறில் அவளுக்குத் தெரிந்த கப்பல் இஞ்சினியர் வீட்டில் ஜப்பானிலிருந்து வந்த பொம்மை லாரி ஒன்று இருக்கிறது. கம்பி கிடையாது, சாவி கிடையாது, கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி ரேடியோவில் ஓட்டலாம். பிள்ளை வளர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் விற்றுவிடப் பார்க்கிறார்கள். இதைக் கேட்ட அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வீட்டு அம்மாள் லாரியை நுனி விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள். "உங்க பையனுக்கா?" என்று கேட்டாள். "இல்ல, எனக்குத்தான்" என்றேன். அவள் பார்வை நேராக என் கழுத்துக்குப் போயிற்று. அங்கே தாலி இல்லை என்று தெரிந்ததும், ஏதோ அழுகின பழத்தை மோந்து பார்த்த மாதிரி மூக்கைச் சுருக்கினாள். காசை மட்டும் சுருக்காமல் வாங்கிக்கொண்டாள்.

லாரியின் நிலைமையும் மூக்கைச் சுருக்க வைப்பதாகத்தான் இருந்தது. பரணில் கிடந்திருக்கிறது. பாட்டரி வைக்கிற பெட்டிக்குள் கரப்பான் முட்டை. மோட்டாரில் தலைமுடி சுற்றிக் கிடந்தது. ஏரியல் பாதியில் ஒடிந்திருந்தது. அதைப் புடவைத் தலைப்பில் மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கொயந்தையாட்டம் மடில வச்சிக்கினு கீறே? லாரிக்குத் தனியா டிக்கெட்டு வாங்கணும், தெர்தா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்த வண்டி என் கையில் இருந்த காலம் முழுவதிலும், அதையும் என்னையும் சேர்த்து ஒருத்தர் சந்தோஷமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் வீடு பழைய வீடு. சிவப்பு சிமெண்டுத் தரை, கூடத்துக்கும் ரேழிக்கும் நடுவே உயரமான நிலைப்படி. ஜப்பான்காரன் கொடுத்த குட்டியூண்டு சக்கரம் அந்தப் படியில் போய் முட்டிக்கொண்டு, மல்லாந்த பூச்சி மாதிரி உறுமிக்கொண்டே நின்றது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. சக்கரத்தைப் பெரிசாக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். குளிக்கிற அறை வாசலில் அண்ணாவின் பழைய ஹவாய் செருப்பு கிடந்தது. அதைக் கழுவி, டபரா அடியை வைத்துக் கோடு போட்டு வட்டமாக அறுத்து, இரண்டிரண்டாக ஒட்டி, மேலே சைக்கிள் டயரைக் கீற்றாக நறுக்கிச் சுற்றினேன்.

பெரிய சக்கரம் மாட்டியதும் அது பக்கத் தகரத்தில் இடித்தது. தகரத்தை வெட்டி உடம்பைத் தூக்கிவைத்தேன். தூக்கியதும் மோட்டாருக்கு இழுக்கத் தெம்பு போதவில்லை. மூர் மார்க்கெட்டில் குப்பை மாதிரிக் குவித்து விற்பவனிடம் உடைந்த பொம்மை ரயில் ஒன்றை வாங்கி, அதன் பல்சக்கரங்களை எடுத்து இடையில் கோத்தேன். ஓட்டம் பாதியாகக் குறைந்தது, இழுப்பு ஏறியது. ஏரியலுக்குக் குடைக் கம்பி. வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயிண்டை மேலே பூசினேன். கடைசியில் அது நிலைப்படியில் முன்காலை வைத்து, ஒரு நிமிஷம் யோசித்து, ஏறி அந்தப் பக்கம் இறங்கியபோது கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். திருப்பி விட்டு மறுபடி ஏற வைத்துப் பார்த்தேன்.

அதுவரைக்கும் நான் வேலை செய்த நாளெல்லாம் அண்ணா பக்கத்தில் ஈஸிசேரில்தான் இருந்தான். என்னைவிட நாலு வயது பெரியவன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. ஃப்யூஸ் போனால் டார்ச் பிடிப்பதற்குக்கூட அவன் கை நடுங்கும். என் கல்யாணம் முடியாமல் அவனுக்குப் பெண் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகையால் என்னை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்பதில் அவனுக்கு அப்பா அம்மாவைவிட அவசரம் அதிகம். நான் கம்பி பற்றவைத்து ஈயம் புகையும்போதெல்லாம், "நாத்தம் தாங்கலை, ஜன்னலைத் தொற" என்பான். அந்த வண்டியில் அவனுடைய பங்கு அந்தச் செருப்புதான்.

அம்மாவுக்கு அந்த லாரியைக் கண்டாலே ஆகாது. ஆனால் நவராத்திரி வந்ததும் மனசு மாறினாள். கொலுப் படிக்குக் கீழே நான் போட்ட பார்க்கைச் சுற்றி லாரி ஓடியது. முதுகில் குங்குமச் சிமிழைச் சுமந்துகொண்டு, வந்து உட்கார்ந்த மாமிகள் முன்னால் போய் நின்றது. மாமிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நாள் அவர்கள் வேறு மாமிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவில் எங்கள் கொலுவுக்குத்தான் கூட்டம் என்றானதும் அம்மா லாரிக்குத் தினம் ஒரு பூ வைத்தாள். அதன் சக்கரம் என்ன சரக்கு என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் தி.நகரிலிருந்து ஒரு பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடாயிற்று. பெண் பார்க்க என்று வந்தால் அது ஒரு பேச்சாகிவிடும். பிடிக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் அசிங்கம். கொலு பார்க்க வருவது போல வந்தால் சுண்டலோடு போய்விடலாம். எங்கள் பக்கத்தில் இது ரொம்ப நாளாக உள்ள தந்திரம். மரப்பாச்சியோடு மரப்பாச்சியாகப் பெண்ணும் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பிள்ளையை நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசி வரைக்கும் மூடி வைத்துச் சொல்கிற சாமர்த்தியம் எனக்கு வேண்டாம்.

அன்று காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். "வண்டியைப் பத்திக் கேட்டா அண்ணா பண்ணினதுன்னு சொல்லிடலாம். நீ வாயைத் தொறக்காதே."

"ஏன்?"

"பொண்ணு நெருப்பையும் ஈயத்தையும் வெச்சுண்டு தரையில உக்காந்து வேலை பண்றாள்னு சொன்னா யார்டீ பண்ணிப்பா?" என்றாள் அம்மா. என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் சால்டரிங் அயர்ன் சுட்ட வடு இருந்தது. "இதைக் கேட்டா எண்ணெய் தெறிச்சுதுன்னு சொல்லு. அதுவும் நல்லதுதான், சமையல் பண்றவள்னு தெரியும்."

சொந்தக் காயத்தைக்கூட நான் பொய்யாக்கிக் கொடுக்க வேண்டும். எனக்கு வந்த அருவருப்பில் அன்று காபி இறங்கவில்லை.

சாயங்காலம் வந்தார்கள். பிள்ளை, பிள்ளையின் அம்மா, நடுவில் பேசி வைத்த ஒரு மாமி. பிள்ளை பாங்கில் ஆபீசர். முப்பது வயது இருக்கும். கழுத்து வரைக்கும் பௌடர். உள்ளே வந்ததும் அவர் கண் என் மேல் படவில்லை, லாரி மேல் பட்டது. "அட!" என்றார். அடுத்த நிமிஷம் கூடத்துத் தரையில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டுவிட்டார். பொத்தானை விட்டால் முன்னால் போகும், அழுத்தினால் பின்னால் வந்து திரும்பும். அதைக் கண்டுபிடித்ததும் வாயைத் திறந்து 'ஹஹ்' 'ஹஹ்' என்று மூச்சு விட ஆரம்பித்தார். பௌடர் வேர்வையில் கரைந்து வழிந்தது.

என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். பல்லவி முடிவதற்குள் லாரி என் புடவைக் கொசுவத்தில் வந்து முட்டியது. பிள்ளையின் அம்மா ரசித்துச் சிரித்தாள். பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். நிறுத்திவிட்டேன் என்பதே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"இந்த வீல் எங்க வாங்கினேள்?" என்று பிள்ளை அண்ணாவைக் கேட்டார்.

அண்ணா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது இம்போர்ட்டட்" என்றான்.

அவனுடைய செருப்புதான். மூன்று மழைக்காலம் அவன் காலில் கிடந்து தேய்ந்த செருப்பு.

"கியர்கூட மாத்தியிருக்கேள் போலருக்கே? இழுக்கறதே!"

"அதுவும் இம்போர்ட்டட்தான்."

நாக்கு என் வாய்க்குள் துடித்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் பிள்ளையின் அம்மா ஒரு வாய் சுண்டலை மென்றுகொண்டே, "தேங்கா அளவாப் போட்டிருக்கா, கை நிதானம் தெரியறது" என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தாள். நான் தட்டு எடுக்கப் போனபோது என் விரலைப் பார்த்துவிட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா, "எண்ணெய் தெறிச்சுடுத்து, சொன்னாக் கேக்க மாட்டா, நான்தான் பண்ணுவேன்பா" என்றாள். அத்தனை சரளமாக வந்தது. எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாளோ.

புறப்படுகிற நேரம். அம்மா வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துண்டு எல்லாம் தட்டில் வைத்து அந்த அம்மாளிடம் கொடுத்தாள். பிள்ளை இன்னும் லாரியைக் கீழே வைக்கவில்லை. "இவனுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு போலருக்கே!" என்று அவருடைய அம்மா சிரித்தாள்.

என் அம்மா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. லாரியின் முதுகில் இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் வைத்து, "எடுத்துண்டு போங்கோ, நம்மாத்துப் பொருள்தானே!" என்று கொடுத்துவிட்டாள்.

தாம்பூலத்தோடு கொடுத்ததைத் திரும்பக் கேட்பது மாதிரி ஒரு பாவம் எங்கள் வீடுகளில் கிடையாது. அதனால்தான் வெற்றிலையை வைத்தாள் என்று எனக்குத் தெரியும். நான் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் லாரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெட்டியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். குடைக் கம்பி அவர் தோளுக்கு மேலே ஆடிக்கொண்டே போயிற்று. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாரமே அந்த மாமி வந்து, பிடித்திருக்கிறதாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா என் வாயில் சர்க்கரையைத் திணித்தாள். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

தீபாவளி ஆனதும் தி.நகரிலிருந்து ஆள் வந்தது. லாரி ஓடவில்லையாம், அண்ணா வந்து பார்க்க முடியுமா? அண்ணா ஸ்க்ரூடிரைவரை வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனான். திரும்பி வந்து, "ஆயிடுத்து" என்றான். நாலே நாளில் மறுபடி ஆள். இப்போது புகை வருகிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதையும் பார்த்துவிட்டு நிச்சயதார்த்தத்துக்கு நாளும் பேசிவிடலாமாம்.

அண்ணா சமையலறை வாசலில் வந்து நின்றான். "நீயும் வாயேன். நான் பேசிண்டிருக்கேன், நீ பக்கத்துல இருந்து பாத்து…"

"அப்பா விடமாட்டாரே."

"நான் சொல்லிக்கறேன். மாட்டிண்டா எல்லாருக்கும்தானே கேவலம்."

அவனுக்காக நான் போகவில்லை. எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை இப்போது எழுதும்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த மனுஷன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன். நான் தரையில் உட்கார்ந்து, திறந்து, பற்றவைத்து, ஓட விடுவதை அவர் பார்த்துவிட்டு, "ஓ, நீதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பௌடரையும் மூச்சிரைப்பையும் மறந்து அவருக்கே கழுத்தை நீட்டியிருப்பேன். அந்த வண்டியை ஆசையாகப் பார்த்தவர் நான் அறிந்து அவர் ஒருத்தர்தான்.

பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் அவர்கள் வீடு. லாரி கண்ணாடி அலமாரி மேல் இருந்தது. "கொலுவிலேர்ந்து வந்ததாச்சே, வெறுமனே வைக்கலாமா?" என்று பிள்ளையின் அம்மா நான்கு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டிருந்தாள். அண்ணாவின் செருப்புக்குக் குங்குமம். அதைப் பார்த்ததில் ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்குக் கொஞ்சம் பசித்தது.

திறந்ததும் பசி போய்விட்டது. ஓட்டி ஓட்டிச் செத்துப்போன பாட்டரிக் கட்டைகளை யாரும் வெளியே எடுக்கவில்லை. அவை கசிந்து, சீழ் மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பெட்டி முழுக்கப் பொங்கி, கம்பிகளைத் தின்றிருந்தன. அந்த வாடை தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் அண்ணாவின் கைவேலை. அறுந்த கம்பிகளை முறுக்கி, கால் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டியிருந்தான். பிளாஸ்டர் கருகிக் கிடந்தது. பல்சக்கரத்தில் யாரோ தேங்காய் எண்ணெயை ஊற்றியிருந்தார்கள், அதில் எறும்பு. இரண்டு மாதம் ராத்திரி பகலாகச் செய்ததை இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து என்ன கதிக்கு ஆளாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கையில், சீ என்று இருந்தது.

பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்து, "பிளக் எங்க இருக்கு?" என்று நேராக அந்தப் பிள்ளையையே கேட்டேன். அண்ணா இருமினான். நான் கவனிக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அண்ணாவிடம் காபியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அவருடைய அம்மா நிலையிலேயே நின்றுவிட்டாள். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பார்த்தார். பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்தேன். பச்சையைப் பிளேடால் சுரண்டினேன். அழுகின கம்பியை வெட்டி எறிந்து புதுக் கம்பி போட்டேன். ஈயம் உருகி, பளபளவென்று திரண்டு பிடித்துக்கொண்டது.

கேட்காமலேயே சொல்லவும் ஆரம்பித்தேன். "சக்கரத்தைப் பெரிசு பண்ணினா மோட்டாருக்குப் பளு ஜாஸ்தி. அதுக்காகத்தான் நடுவுல இந்தப் பல்சக்கரத்தைக் கோத்தேன். சுவத்துல முட்டிண்டு நிக்கறச்சே பொத்தானை அழுத்தாம விட்டுட்டா மோட்டார் சுத்த முடியாமச் சூடாயிடும். புகை அதனாலதான் வந்தது." கோத்தேன் என்றேன். அந்தச் சொல்லை அழுத்தித்தான் சொன்னேன். என் குரல் அந்த வீட்டில் கணீரென்று கேட்டது. புதுக் கட்டைகளைப் போட்டேன். லாரி உறுமி, கம்பளத்தின் ஓரத்தில் ஏறி, இறங்கி, அவர் காலடியில் போய் நின்றது.

அவர் லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்; முதல் தடவையாக, முழுசாக. தலையை மெச்சுகிற மாதிரி ஆட்டினார். பிறகு அண்ணா பக்கம் திரும்பினார்.

"தங்கைக்கு நன்னாச் சொல்லிக் குடுத்திருக்கேள் சார்."

அண்ணா என்னைப் பார்த்தான். கையில் இருந்த காபியைப் பார்த்தான். ஒரு வாய் குடித்தான். "ஏதோ, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுத்தேன்" என்றான்.

சால்டரிங் அயர்ன் இன்னும் சூடாகத்தான் இருந்தது. லாரியைக் கையில் எடுத்துக் கவிழ்த்தேன். சற்றுமுன் பற்றவைத்த இடத்தில் முனையை வைத்தேன். ஈயம் இளகியது, கம்பி விட்டுக்கொடுத்து வெளியே வந்தது. அடுத்ததையும் அப்படியே எடுத்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, லாரியை அண்ணாவின் மடியில் வைத்தேன். கைப்பிடிப் பக்கமாக அயர்னை அவனிடம் நீட்டினேன்.

"நீயே பண்ணிக் குடு அண்ணா. உனக்குத் தெரிஞ்சதுதானே."

அவன் வாங்கிக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வான், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. முகமெல்லாம் வேர்த்து, அயர்னை மெழுகுவர்த்தி மாதிரி நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என்ன நடந்தது என்று அவருக்குத் துளிக்கூடப் புரியவில்லை. அண்ணா எப்படிச் சரிசெய்யப் போகிறான் என்று பார்ப்பதற்காக, நாற்காலியை அவன் பக்கமாக இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.